உங்களுக்குத் தெரியுமா? கையேடு இல்லாமல் வந்த டீவி கேம்

பசறைக்கு மேலே இருக்கிற எங்கள் தோட்டத்து லயத்துக்கு டீவி கேம் வந்தது தொண்ணூறுகளின் நடுவில், ஒரு தீபாவளிக்கு. அப்பாவின் தீபாவளி அட்வான்சும் அம்மாவின் சீட்டுக் காசும் சேர்ந்து பதுளை பஜாரில் வாங்கியது. பெட்டிக்குள் மெஷின் ஒன்று, ரிமோட் இரண்டு (கையில் பிடித்து அழுத்துவதை நாங்கள் ரிமோட் என்றுதான் சொல்வோம்), கறுப்புத் துப்பாக்கி ஒன்று, அடப்டர், ஒரு மஞ்சள் கேசட். எப்படி விளையாடுவது என்று சொல்லும் புத்தகம் மட்டும் இல்லை.

சொல்லித்தர ஆளில்லாததால் நாங்களே கண்டுபிடித்தோம். கண்டுபிடித்ததில் பாதி பிழை. இப்போது எனக்கு நாற்பது வயது. பிள்ளைகள் தூங்கிய பிறகு, வாரத்தில் இரண்டு மூன்று இரவு, அதே விளையாட்டுகளைத் திரும்ப எடுத்து அரை மணித்தியாலம் விளையாடுகிறேன். ஒவ்வொரு முறையும் அன்றைக்குத் தெரியாத ஏதாவது ஒன்று தெரிய வருகிறது. அந்தப் பெட்டிக்குள் இல்லாமல் போன கையேட்டை இங்கே பக்கம் பக்கமாக எழுதிப் பார்க்கிறேன்.

●

எங்கள் மெஷின் எதன் நகல் தெரியுமா? ஜப்பானில் 1983 ஜூலை 15ஆம் திகதி நின்டெண்டோ விற்பனைக்கு விட்ட ஃபேமிகாம். விலை 14,800 யென், நிறம் சிவப்பும் வெள்ளையும். 1889இல் கியோட்டோவில் சீட்டுக்கட்டு செய்யத் தொடங்கிய கம்பெனி அது. அதன் நகல்கள் போகாத நாடு குறைவு. ரஷ்யாவில் டென்டி, போலந்தில் பெகாசஸ், தைவானிலிருந்து மைக்ரோ ஜீனியஸ் என்று ஊருக்கொரு பெயர். மாஸ்கோவில் அடுக்குமாடிப் பிள்ளையும் ஊவாவில் லயத்துப் பிள்ளையும் மரியோ விளையாட்டின் அதே காளான் மனிதனை மிதித்திருக்கிறார்கள்.

அந்த மாதத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஜப்பானில் ஃபேமிகாம் கடைக்கு வந்து 12 நாள் கழித்து, 1983 ஜூலை 27ஆம் திகதி, பதுளை நகரில் தமிழர் கடைகள் எரிந்தன. டீவி கேம் வாங்கப் போன அன்றும் அப்பா பஜாரில் நடந்துகொண்டே, இந்தக் கடை எரிந்தது, இது தப்பியது என்று கையைக் காட்டிக்கொண்டு வந்தார். எனக்கு அப்போது கண்ணெல்லாம் பெட்டியில். இப்போதுதான் அந்தக் கை ஞாபகத்தில் நிற்கிறது.

●

மெஷினைக் கழற்றிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், உள்ளே பெரும்பாலும் வெற்றிடம். நடுவில் ஒரு சின்னப் பச்சைப் பலகை, அதன் மேல் தார் சொட்டியது போல ஒரு கறுப்புப் பொட்டு. அசல் ஃபேமிகாமில் தனித்தனிச் சில்லுகளாக இருந்ததை நகல் செய்தவர்கள் ஒரே சில்லில் அடக்கி, மேலே பிசினை ஊற்றி மூடிவிட்டார்கள். அந்தப் பொட்டுக்குள் இருந்த வேலை நினைவகம் 2 கிலோபைட். நீங்கள் வாசிக்கும் இந்தக் கட்டுரை அதற்குள் அடங்காது.

●

9999999 விளையாட்டு என்று கேசட்டில் போட்டிருக்கும். உண்மையில் சில பத்துத்தான். அதே விளையாட்டு வேறு கட்டத்தில் தொடங்கும், அல்லது உசுரு கூடுதலாக இருக்கும், பெயர் மட்டும் மாறும். என் தம்பி ஒரு மார்கழி லீவு முழுக்கப் பட்டியலைக் கீழே தள்ளிக்கொண்டே இருந்தான், கடைசி விளையாட்டு என்னவென்று பார்க்க. வெளியே மழை. மார்கழியில் ஊவாப் பக்கம் மழை விடாது என்பது உங்களுக்குத் தெரியும். மலைக்குப் போன அம்மா படங்கு நனைந்து திரும்பி வரும்போது அவன் நாலாயிரத்துச் சொச்சத்தில் இருந்தான்.

●

டீவி கேம் மெஷின் ஒரு குட்டித் தொலைக்காட்சி நிலையம். இது உவமை இல்லை, அதன் வேலையே அது. உள்ளே இருக்கும் தகரப் பெட்டி படத்தையும் சத்தத்தையும் ஒரு தொலைக்காட்சி அலைவரிசையாக மாற்றி ஏரியல் துளை வழியே அனுப்பும். அதனால்தான் ரூபவாஹினிக்கும் ஐ.டி.என்னுக்கும் இடையில், இரைச்சல் மட்டும் கேட்கும் இடத்தில், குமிழை மெல்ல மெல்லத் திருப்பி மரியோவைத் தேடினோம். ஐ.டி.என். 1979 ஏப்ரல் 13இல் வந்தது. ரூபவாஹினி 1982 பெப்ரவரி 15இல் தொடங்கியது, ஜப்பான் அரசாங்கத்தின் அன்பளிப்பு. ஆக, லயத்துக் காம்பராவில் ஜப்பான்காரர் கட்டிக்கொடுத்த ஒளிபரப்புக்குப் பக்கத்து இடத்தில் ஜப்பான்காரர் எழுதிய விளையாட்டு உட்கார்ந்திருந்தது.

எங்கள் டீவி கறுப்பு வெள்ளை, 14 அங்குலம், லயத்துக்குக் கரண்ட் வருவதற்கு முந்திய காலத்தது. கார் பேட்டரியில் ஓடும். பேட்டரி இறங்கினால் அதைச் சாக்கில் சுற்றித் தோளில் வைத்து, பசறை டவுனுக்குக் கொண்டுபோய்ச் சார்ஜ் போட்டு வர வேண்டும். கரண்ட் வந்த பிறகும் டீவி அதேதான். மரியோவின் தொப்பி சிவப்பு என்பதை நான் பதின்மூன்று வயதில், பண்டாரவளையில் ஒரு கல்யாண வீட்டுக் கலர் டீவியில்தான் பார்த்தேன்.

●

இதைத்தான் நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்: நம் நாட்டில் மரியோ மெதுவாக ஓடினான்.

சில வருசத்துக்கு முன் கணினியில் சூப்பர் மரியோவைத் திரும்பத் தொடங்கியபோது முதல் பள்ளத்திலேயே விழுந்தேன். அடுத்த முறையும் விழுந்தேன். வயதாகிவிட்டது, கை போய்விட்டது என்று நினைத்தேன். காரணம் கையில் இல்லை. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் டீவி ஒரு வினாடிக்கு 60 முறை படத்தைப் புதுப்பிக்கும். இலங்கையில் பால் முறை, 50 முறை. இந்த விளையாட்டுகள் நேரத்தைக் கடிகாரத்தால் அளப்பதில்லை, படத்தை எண்ணி அளக்கின்றன. 60 படத்துக்கென்று எழுதிய ஜப்பான் கேசட்டை 50இல் ஓடும் நகல் மெஷினில் போட்டால் ஒரு நிமிச ஆட்டம் 72 வினாடிக்கு இழுபடும். மேலே மூலையில் 400 என்று தொடங்கி இறங்கும் எண் ஒவ்வொரு 24 படத்துக்கும் ஒன்று குறைகிறது. ஜப்பான் பிள்ளைக்கு அது 160 வினாடி. எங்களுக்கு 192.

அந்த 32 வினாடி எங்களுக்குக் கிடைத்த சலுகை என்று அன்று எனக்குத் தெரியாது. பாட்டும் அதே அளவுக்கு நிதானமாகத்தான் வந்தது. கோஜி கொண்டோ அமைத்த அந்த இசையை இப்போது சரியான வேகத்தில் கேட்டால் யாரோ அவசரப்படுத்துவது போல இருக்கிறது. பழைய மெஷினின் விளையாட்டைக் கணினியில் ஓட்டும் எமுலேட்டர் மென்பொருளில் 50க்கு மாற்றும் வசதி உண்டு. மாற்றினேன். முதல் பள்ளம், தாண்டினேன். கை எதையும் மறக்கவில்லை.

●

1985 செப்டம்பர் 13இல் வந்த சூப்பர் மரியோ பிரதர்ஸ் முழுவதும் 40 கிலோபைட். இன்றைய கைப்பேசியில் எடுக்கும் படம் ஒன்று 3 மெகாபைட் என்றால் அதற்குள் 76 மரியோ அடங்கும். எப்படிச் சுருக்கினார்கள்? மேகத்தையும் புதரையும் பாருங்கள். இரண்டும் ஒரே உருவம், நிறம் மட்டும் வேறு. கறுப்பு வெள்ளை டீவியில் பார்த்த எங்களுக்கு அந்த நிறமும் கிடையாது. 'ஏன்டா மேகம் கீழே கிடக்கு?' என்று தம்பி கேட்டபோது, நமுனுகுல மலையில் பனி மூட்டம் கீழே இறங்குவதைப் பார்த்து வளர்ந்த நான், 'மேகம் இறங்கும்டா' என்று சொன்னேன். இரண்டு பேரும் அதை நம்பினோம்.

●

மரியோவுக்கு மீசை ஏன்? வாய் வரையப் புள்ளி போதவில்லை. தொப்பி ஏன்? தலைமுடி வரையப் புள்ளி போதவில்லை. வரைந்தவர் ஷிகெரு மியாமோட்டோ, விளையாட்டு 1981இன் டாங்கி கோங்.

●

எழுத்துத் தெரியாத பிள்ளைக்கும் பாடம் நடத்தும் வாத்தியார் ஒருவர் உண்டு என்றால் அது மரியோவின் முதல் கட்டம்தான். இதை நான் பெரியவனாகித்தான் கவனித்தேன், கவனித்த பிறகு அந்தக் கட்டத்தை மட்டும் நாற்பது ஐம்பது முறை விளையாடியிருப்பேன்.

தொடக்கத்தில் மரியோ திரையின் இடது ஓரத்தில் நிற்பான், வலது பக்கம் வெறுமையாக இருக்கும். எங்கே போக வேண்டும் என்பது அதிலேயே புரிந்துவிடும். கொஞ்சம் நடந்தால் ஒரு காளான் மனிதன் எதிரே வருவான். சும்மா நின்றால் சாவீர்கள், ஆனால் தொடங்கி ஐந்து வினாடிதான் ஆகியிருக்கும், திரும்பத் தொடங்குவதில் நட்டமில்லை. குதித்தால் தப்பலாம். குதிக்கும்போது தலை மேலே உள்ள கேள்விக்குறிப் பெட்டியில் இடிக்கும், காசு வரும். அப்படியானால் பெட்டிகளை இடிப்பது நல்லது. அடுத்ததை இடித்தால் ஒரு காளான் வெளியே வந்து வலது பக்கம் உருளும். முன்பு பார்த்தது போலவே இருக்கிறதே, இதுவும் கொல்லுமோ என்று பயம் வரும். அது போய்க் குழாயில் மோதித் திரும்பி உங்களை நோக்கியே வரும். விலக இடமில்லாமல் பட்டுவிடுவீர்கள். பட்டதும் பெரிதாவீர்கள். எது நல்லது, எது கெட்டது என்று ஒரு சொல் இல்லாமல் சொல்லியாகிவிட்டது.

அந்தக் குழாய் அங்கே நிற்பது தற்செயல் இல்லை. மியாமோட்டோவே இதை விளக்கியிருக்கிறார். தமிழ் எழுத்தையே தட்டுத்தடுமாறி வாசித்த தோட்டப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை நான். கியோட்டோவில் இருந்த ஒரு மனிதர் எனக்குப் புரிய வேண்டும் என்பதற்காக ஒரு குழாயை எங்கே நடுவது என்று யோசித்திருக்கிறார். அதை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு நிறைகிறது.

●

கேசட் வேலை செய்யாவிட்டால் ஊதினீர்களா? உலகமே ஊதியது. ஊதியதால் அது சரியாகவில்லை. கழற்றித் திரும்பச் செருகும்போது செப்புப் பற்கள் இடம் மாறி நன்றாகப் பொருந்தும், அவ்வளவுதான். ஃபேமிகாம் வகைக் கேசட்டுக்கு 60 பல். மூச்சின் ஈரம் அவற்றை அரிக்கும் என்று நின்டெண்டோவே ஊத வேண்டாமென்று சொல்லியிருக்கிறது. பனியும் தூறலுமான எங்கள் பக்கத்தில் இது இன்னும் மோசம். பழைய மஞ்சள் கேசட்டை எடுத்துப் பார்த்தேன், பற்களில் பச்சை பூத்திருந்தது. பாமசியில் சர்ஜிக்கல் ஸ்பிரிட் வாங்கி, பஞ்சில் தொட்டுத் துடைத்து, அது காயும்வரை காத்திருந்து செருகினேன். பட்டியல் வந்துவிட்டது.

●

பேட்டில் சிட்டியை நாங்கள் 'டேங்க்' என்போம். நாம்கோ 1985இல் செய்தது, 35 கட்டம். கழுகுச் சின்னத்தைக் காக்க வேண்டும், அது உடைந்தால் உங்களுக்கு எத்தனை உசுரு மிச்சம் இருந்தாலும் ஆட்டம் முடிந்தது. முதல் ஆளின் டேங்க் மஞ்சள், இரண்டாம் ஆளின் டேங்க் பச்சை என்று இப்போதுதான் பார்க்கிறேன். எங்கள் டீவியில் இரண்டும் ஒரே சாம்பல். 'எது என்னது?' என்று ஒவ்வொரு கட்டமும் சண்டையில் தொடங்கும். கூட்டாளியைச் சுட்டால் அவன் சாக மாட்டான், கொஞ்ச நேரம் உறைந்து நிற்பான். தம்பி அடிக்கடி உறைந்து நின்றான். தெரியாமல் சுட்டேன் என்று அன்று சத்தியம் செய்தேன். பாதி உண்மை.

அதில் சொந்தமாகக் கட்டம் கட்டும் பகுதி உண்டு. எங்கள் லயத்துப் பிள்ளைகள் எல்லோரும் கட்டியது ஒன்றைத்தான்: செங்கல்லில் நீளமாக ஒரு வரிசை, அது லயம். அதற்கு எதிரே இன்னொரு வரிசை. நடுவே தண்ணீர், அது ஆறு. இரும்புச் சுவரால் ஒரு சதுரம், அது ஸ்டோர். தேயிலை மலைக்குப் பச்சைப் புதர்க் கட்டை இருந்தது, அதற்குள் டேங்க் போனால் வெளியே தெரியாது. மெஷினை நிறுத்தினால் கட்டியது அழிந்துவிடும். ஒவ்வொரு நாளும் தோட்டத்தைத் திரும்பக் கட்டினோம்.

●

வாத்துச் சுடும் துப்பாக்கியிலிருந்து எதுவும் வெளியே போவதில்லை. அது சுடாது, பார்க்கும்.

விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் முழுக்கக் கறுக்கும். அடுத்த கணம் வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைச் சதுரம் தெரியும். துப்பாக்கியின் குழலுக்குள் ஒளியை உணரும் கண் ஒன்று இருக்கிறது. முதலில் இருட்டு, பிறகு வெளிச்சம் என்ற வரிசையில் பார்த்தால் வாத்து விழும். இரண்டு வாத்து என்றால் சதுரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும், எந்தக் கணத்தில் வெளிச்சம் பட்டதோ அந்த வாத்து. இஸ்தோப்பில் எரிந்த பல்பைக் குறிபார்த்து ஏமாற்றப் பார்த்தோம், முடியவில்லை. முடியாமல் போனது முதலில் வரும் அந்த இருட்டினால்தான்.

இன்றைய தட்டை டீவியில் இந்தத் துப்பாக்கி வேலை செய்யாது. படம் திரைக்கு வந்து சேரச் சில கணம் பிந்துகிறது, அதற்குள் மெஷின் விடையை முடிவு செய்துவிடுகிறது. இது தெரியாமல் நான் துப்பாக்கி கெட்டுவிட்டதென்று பல வருசம் மூட்டை கட்டி வைத்திருந்தேன். பிறகு பதுளையில் டீவி திருத்தும் ஒருவரிடம் மூலையில் கிடந்த குழாய் டீவி ஒன்றை வாங்கி வந்தேன். பின்பக்கம் புடைத்த டீவி, தூக்க இரண்டு பேர் வேண்டும். முதல் வாத்தே விழுந்தது. ஒரு விளையாட்டைப் பத்திரப்படுத்துவது என்றால் அதன் கேசட்டை மட்டும் வைத்தால் போதாது என்று எனக்கு உறைத்தது அன்றுதான்.

அந்தக் கறுப்புத் துப்பாக்கியை அம்மா எங்கேயும் கொண்டுபோக விட்டதில்லை. யுத்த காலம். மாமா வீட்டுக்குத் தியத்தலாவைப் பக்கம் போகும்போது மெஷினைப் பையில் வைத்துவிட்டு, துப்பாக்கியை மட்டும் எடுத்து அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்தார். வழியில் பையைத் திறந்து பார்ப்பார்கள். விளையாட்டுத் துப்பாக்கி என்று சொல்லி முடிப்பதற்குள் என்ன நடக்கும் என்று அவருக்கு யோசனை.

●

அதே வாத்து விளையாட்டில், ஒற்றை வாத்து ஆட்டத்தில், இரண்டாவது ரிமோட்டைப் பிடித்திருப்பவர் வாத்தை ஓட்டலாம். 1984இலிருந்து இருக்கும் வசதி இது. அசல் கையேட்டில் எழுதியிருக்கிறது. எங்களில் ஒருவருக்கும் தெரியாது. எத்தனையோ பேர் முறை வராமல் சுவரோரம் குந்தியிருந்தார்கள், ஒருவர் கையிலாவது அந்த ரிமோட்டைக் கொடுத்திருக்கலாம்.

●

மே மே கீ கீ இ வ இ வ பி ஏ.

இதை எங்கள் லயத்துச் சுவரில் கரியால் எழுதி வைத்திருந்தோம். மேல், மேல், கீழ், கீழ், இடது, வலது, இடது, வலது, பி, ஏ. இப்படி அழுத்தினால் கொன்ட்ரா விளையாட்டில் 3 உசுருக்குப் பதில் 30 உசுரு வரும். புறக்கோட்டைக் கடையில் வேலை செய்த பெரியம்மா மகன் அண்ணன் தீபாவளி லீவுக்கு வரும்போது கொண்டுவந்தார். துணி, இனிப்பு, பட்டாசு, இது. வாய்ப்பாடு வராத பிள்ளைக்கும் இது வந்தது.

இதை உண்டாக்கியவர் கொனாமி கம்பெனியின் கசுஹிசா ஹஷிமோட்டோ. 1986இல் கிரேடியஸ் விளையாட்டை வீட்டு மெஷினுக்கு மாற்றும்போது அது அவருக்கே மிகக் கடினமாக இருந்தது. சோதித்துப் பார்க்கத் தனக்கென்று ஒரு குறுக்கு வழி வைத்தார், அதை எடுக்காமலே கேசட் வெளியாகிவிட்டது. அவர் 2020 பெப்ரவரியில் காலமானார். செய்தியை வாசித்த அன்று அண்ணனுக்குப் போன் எடுத்துச் சொன்னேன். அவர் ஒன்றும் கேட்காமல் பத்தையும் வரிசையாகச் சொன்னார்.

●

ஐஸ் கிளைம்பர் விளையாட்டில் 32 மலை. இரண்டு பேர் ஏறினால், மேலே போகிறவன் அவசரப்பட்டால் திரை நகர்ந்துவிடும், கீழே விடுபட்டவன் சாவான். அக்கா தங்கைகள் விளையாடினால் இருவரும் உச்சிக்குப் போவார்கள். நாங்கள் விளையாடினால் போக மாட்டோம்.

●

கோயில் திருவிழாக் கடைகளில் விற்ற கையடக்கக் கட்டை விளையாட்டு ஞாபகம் இருக்கிறதா? அது டெட்ரிஸின் பிள்ளை. 1984இல் மாஸ்கோவில் அலெக்சி பஜித்னோவ் எழுதியது. நின்டெண்டோவின் 1989 டெட்ரிஸுக்கு முடிவே இல்லை, 29ஆம் கட்டத்தில் கட்டைகள் விழும் வேகத்துக்கு மனிதக் கை ஈடுகொடுக்காது என்று பல வருசம் நம்பினார்கள். ரிமோட்டின் முதுகில் விரல்களால் தாளம் போடுவது போலத் தட்டும் ஒரு முறையைப் பிறகு சிலர் கண்டுபிடித்தார்கள். 2023 டிசம்பரில் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் ஒரு 13 வயதுப் பையன் 157ஆம் கட்டம்வரை போனான். அங்கே விளையாட்டே தாங்காமல் உறைந்து நின்றுவிட்டது. 34 வருசப் பழைய கேசட்டில் அதுவரை எந்த மனிதரும் பார்க்காத இடம் ஒன்று மிச்சம் இருந்திருக்கிறது.

●

கொழும்பு கோட்டையிலிருந்து பதுளைக்கு ரயிலில் சுமார் 290 கிலோமீற்றர், 10 மணித்தியாலம். பாதை பதுளையை எட்டியது 1924இல். ஒருமுறை பொடி மெனிக்கேயில் வரும்போது கையடக்க மெஷினில் மரியோ விளையாடிக்கொண்டு வந்தேன். எல்லவில் தொடங்கி, ஒன்பது வளைவுப் பாலம் தாண்டி, தெமோதரையில் ரயில் வளைந்து இறங்கி ஸ்டேஷனுக்கு அடியிலேயே சுரங்கத்தில் நுழையும்போது நான் நாலாவது உலகத்தில் இருந்தேன். உலகத்தின் வேகமான ஆட்டக்காரர்கள் மொத்த விளையாட்டையும் 4 நிமிசம் 55 வினாடிக்குள் முடிக்கிறார்கள். எல்லவில் தொடங்கினால் தெமோதரை வருமுன்னே இளவரசியைக் கண்டுவிடுவார்கள். எனக்கு அந்த வேகத்தில் ஆசை இல்லை. சுரங்கத்துக்குள் ரயிலும் மரியோவும் ஒன்றாக இருட்டுக்குள் போனதை அவர்கள் தவறவிட்டிருப்பார்கள்.

●

பிளேஸ்டேஷன் 2 பற்றி ஒன்று. 2000 மார்ச் 4இல் ஜப்பானில் வந்தது, 16 கோடிக்கு மேல் விற்றது, வீட்டு விளையாட்டு மெஷின்களில் அதை மிஞ்சி விற்றது எதுவுமில்லை. அதன் மெமரி கார்ட் 8 மெகாபைட். அதற்கு முந்திய பிளேஸ்டேஷனின் கார்ட் 128 கிலோபைட்தான். கார்ட் இல்லாதவர்கள் மெஷினை நிறுத்தாமல் இரவெல்லாம் அப்படியே விட்டுவைப்பார்கள், விடிந்து வந்து தொடர்வார்கள்.

நானும் தம்பியும் வேலைக்குப் போன பிறகு காசு போட்டு ஒரு பழைய மெஷின் வாங்கினோம். போன மாதம் அதைத் திரும்ப எடுத்தேன். மெமரி கார்டில் சான் ஆண்ட்ரியாஸ் ஒன்று சேமித்திருந்தது. 2004இல் வந்த விளையாட்டு. சேமித்த திகதி தம்பி கத்தாருக்குப் போவதற்கு முந்திய இரவு. திறந்தேன். குரோவ் ஸ்ட்ரீட் வீட்டு வாசலில் விளையாட்டின் நாயகன் சி.ஜே. நிற்கிறான். பக்கத்துக் கராஜுக்குப் போனேன், கதவு மேலே ஏறியது, உள்ளே ஒரு பி.எம்.எக்ஸ் சைக்கிள். அந்த விளையாட்டில் கார், லொறி, ஆகாய விமானம் எல்லாம் எடுக்கலாம். தோட்டத்து ஏற்றத்தில் சைக்கிள் பழக இடமில்லாமல் வளர்ந்தவன் சைக்கிளைத்தான் நிறுத்தி வைத்திருந்தான். ஒரு சுற்று ஓட்டிவிட்டு, சேமிக்காமல் மெஷினை நிறுத்தினேன். அது அவன் வைத்த இடத்திலேயே இருக்கட்டும்.

●

அமெரிக்காவில் 2010க்கு முன் வெளியான விளையாட்டுகளில் 87 சதவீதம் இன்று எந்தக் கடையிலும் காசு கொடுத்து வாங்கக் கிடைக்காது என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் கணக்கிட்டது. நகல் கேசட் செய்தவர்கள் உழைத்தவர்களுக்கு ஒரு சதமும் கொடுக்கவில்லை, அது நியாயம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த மஞ்சள் கேசட் இல்லாவிட்டால் பசறை மலைக்கு மரியோ வந்தே இருக்க மாட்டான். இரண்டும் உண்மை. இரண்டையும் வைத்துக்கொண்டுதான் நான் விளையாடுகிறேன்.

●

2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம்வரை கரண்ட் போனது ஞாபகம் இருக்கும். அந்த நாட்களில் கார் பேட்டரியைத் திரும்பவும் வீட்டுக்குள் கொண்டுவந்தேன். பேட்டரிக் கம்பியை மாட்டும்போது அப்பா பக்கத்தில் நின்று, 'சிவப்பு எது பார்த்து மாட்டு' என்றார். முப்பது வருசத்துக்கு முன் சொன்ன அதே சொல்.

●

கடைசிப் பக்கம். சூப்பர் மரியோவில் சேமிக்கும் வசதி இல்லை. உசுரு எல்லாம் போனால் முதல் உலகத்திலிருந்து தொடங்க வேண்டும் என்றே நாங்கள் வளர்ந்தோம். எட்டாவது உலகத்துக்கு ஒரே ஒருமுறை போனோம், தம்பி விளையாடி, நான் பக்கத்தில் இருந்து. அங்கே சுத்தியல் எறிகிறவர்களிடம் கடைசி உசுரும் போனது. திரும்ப ஒன்றிலிருந்து தொடங்க அவனுக்கு மனம் வரவில்லை. லீவும் முடிந்துவிட்டது.

தெரியுமா? ஆட்டம் முடிந்து முதல் திரை வந்ததும், ஏ பொத்தானை அழுத்திப் பிடித்தபடி ஸ்டார்ட்டை அழுத்தினால், எந்த உலகத்தில் செத்தீர்களோ அந்த உலகத்தின் தொடக்கத்திலேயே திரும்ப நிற்பீர்கள். மெஷினை நிறுத்தாமல் இருந்தால் போதும்.

இதைக் கண்டுபிடித்த இரவே தம்பிக்குப் போன் எடுத்தேன். அங்கே அவன் வேலை முடிந்து வந்து சமைத்துக்கொண்டிருந்தான். விசயத்தைச் சொன்னேன். சட்டியில் கரண்டி நின்ற சத்தம் கேட்டது.

'அண்ணே, அப்ப நாம நிறுத்தியிருக்கவே தேவையில்ல.'

'ஆமாடா.'

'அந்தப் பெரிய டீவி இன்னும் இருக்கா?'

'இருக்கு.'

'தீபாவளிக்கு வாறேன். அதுவரைக்கும் எட்டுக்குப் போயிராதீங்க.'

ஏழாவது உலகத்துக் கோட்டைவரை போய்விட்டு நிறுத்திக்கொள்கிறேன்.